மாமா அடைகாத்த டிசம்பர்

ம்டண்ட்சானே நகரில் எங்கள் தெருவில் குழாய் உடைந்தால் லிண்டெல்வாவைத்தான் கூப்பிடுவோம். துணி ஆலையில் பதினெட்டு வருடம் சட்டைக்குக் காலர் தைத்தவள். ஆலையை மூடியதும் மற்றவர்கள் அடுத்த தையல் வேலையைத் தேடிப் போக, அவள் குழாய் வேலை கற்றுக்கொள்ளப் போனாள். வகுப்பில் இருபத்தொரு ஆண்கள், ஒரே பெண். முதல் வாரம் முழுக்கச் சிரித்தவர்கள் கடைசி வாரம் அவளுடைய இணைப்புகளைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். இதை நான் சொல்லவில்லை, அவளே எல்லோரிடமும் சொல்லுவாள். எதிர்வீட்டுக்காரியான நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன்.

போன ஏப்ரலில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும்போது, மண்வெட்டி ஒரு வளையைப் பிளந்தது. உள்ளே சுற்றிலும் பட்டுபோல வலை. அதிலிருந்து உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று வெளியே வந்து முன்கால்களைத் தூக்கி நின்றது. கூட வேலை செய்த இருவரும் மண்வெட்டியை ஓங்கினார்கள்.

"கீழ போடு அத," என்றாள் லிண்டெல்வா.

"கடிச்சிரும் அக்கா."

"அது வீட்ட இடிச்சது நீ. பின்ன கும்பிடவா செய்யும்?"

"உங்களுக்கு என்ன, அது சொந்தக்காரனா?"

"ஆமா. பபூன் சிலந்திதானே இது? நான் யாரு?"

அவள் ம்ஃபேனே குலம். எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு பபூன் குரங்கு என்று அர்த்தம். எங்களில் பெண்களைத் தகப்பன் குலத்தின் பெயரால் அழைப்பதுதான் மரியாதை என்பதால், தெருவே அவளை மாம்ஃபேனே என்றுதான் கூப்பிடும். பள்ளத்தில் நின்ற இருவரும் சிரித்துவிட்டு மண்வெட்டியைச் சாய்த்துவைத்தார்கள். அவள் அதை வாளியில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வனத்துறை அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்து, வளர்க்க அனுமதிக் கடிதம் வாங்கினாள். பழைய மீன்தொட்டியில் பாதிக்கு மேல் மண்ணைக் கெட்டித்து, ஓட்டை விழுந்த வடிகால் குழாயை நீளவாக்கில் பாதியாக வெட்டிக் கண்ணாடியோடு ஒட்டினாற்போலப் புதைத்தாள். சிலந்தி அதையே வளையாக்கிக்கொண்டது. உடம்பெல்லாம் முடியாக இருந்ததால் ஆண் என்று முடிவுகட்டி, அதற்கு நாங்கள் வைத்த பெயர் மாமா.

சிக்கல் வியாழக்கிழமையில் வந்தது. சபைப் பெண்கள் வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். லிண்டெல்வாவின் முறை வந்தபோது பக்கத்து வீட்டு மாட்லோமோ மறுத்துவிட்டாள்.

"அந்த முடிக்காலன் இருக்கற வீட்டுல என்னால ஜெபம் பண்ண முடியாது."

"தொட்டிக்குள்ளதானே இருக்கு?"

"ஜெபத்துக்குக் கண்ண மூடணும். மூடுனா அவன் எங்க இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மற்றவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. முறை அடுத்த வீட்டுக்குத் தாண்டியது. அன்று லிண்டெல்வா எனக்குத் தேநீரில் சர்க்கரை போட மறந்தாள்.

நவம்பரில் மாமா சாப்பிடுவதை நிறுத்தியது. கரப்பான்பூச்சி அதன் முதுகில் ஏறி நடந்தாலும் அசையவில்லை. வளை வாயை வலையால் மூடிக்கொண்டது. செத்துக்கொண்டிருக்கிறது என்று லிண்டெல்வா பயந்தாள். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கண்ணாடிப் பக்கத்தை மறைத்திருந்த அட்டையை மெதுவாக விலக்கினாள். உள்ளே, பஞ்சை இறுக உருட்டினதுபோல ஒரு வெள்ளைப் பந்து. சிலந்தி எட்டுக் காலாலும் அதைக் கட்டிக்கொண்டிருந்தது.

"மாமா முட்ட வச்சிருக்காரு," என்றாள் கிசுகிசுப்பாக. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் அப்படி ஓர் ஒளி.

வனத்துறை அதிகாரியிடம் தொலைபேசியில் பேசினாள். பிடிபடும் முன்பே இணை சேர்ந்திருக்கும் என்றார் அவர். தொடக்கூடாது, அதிர்வு கூடாது, மிரண்டால் தாயே முட்டைகளைத் தின்றுவிடும், ஆறேழு வாரம் பொறுக்க வேண்டும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். அவள் சமையலறைக் குழாயே ஒழுக ஆரம்பித்தது. சரிசெய்யச் சுவரைத் தட்ட வேண்டும் என்பதால் அடியில் வாளியை வைத்துவிட்டாள். ஊர்க் குழாயையெல்லாம் அடைக்கிறவள் வீட்டில் சொட்டுச் சத்தம் என்று தெருவே கேலி செய்தது. சொட்டட்டும் என்றாள்.

டிசம்பரில், எங்கள் வழக்கப்படி விருத்தசேதனச் சடங்குக்கு மலைக்குப் போய்ச் சில வாரம் தங்கிய மாட்லோமோவின் மகன் லுட்வே ஆண்மகனாகத் திரும்பும் விழா வந்தது. காலையிலேயே ஆளுயர ஒலிபெருக்கிகளை இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரோரம் அடுக்கினார்கள். லிண்டெல்வா நேரே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"மாட்லோமோ, இதக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைக்கச் சொல்லுங்க."

"ஏன்?"

"முட்ட இருக்கு."

"என் ஒரே மகன் வீட்டுக்கு வர்றான். ஒரு பூச்சி புள்ள பெத்ததுக்கு நான் பாட்ட நிறுத்தணுமா?"

"நிறுத்த வேணாம். திருப்புனா போதும். ஒரு தடவ வந்து பாத்துட்டு அப்புறம் முடியாதுன்னு சொல்லுங்க."

மாட்லோமோ வந்தாள், விழாவுக்குக் கட்டிய புதுத் தலைத்துணியோடு, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு. லிண்டெல்வா அட்டையை விலக்கினாள். சிலந்தி அந்தப் பந்தைக் கால்களால் மெல்ல மெல்லப் புரட்டி மறுபடி வயிற்றோடு அணைத்துக்கொண்டது. மாட்லோமோ வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

"எப்ப சாப்பிட்டா கடைசியா?"

"அஞ்சு வாரம் ஆச்சு."

மகன் மலையில் இருந்த நாட்களில் மாட்லோமோவும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவள் நிமிர்ந்தாள். வெளியே போய், ஒலிபெருக்கிக்காரர்களிடம் தெருப்பக்கம் திருப்பச் சொன்னாள்.

"அங்க காரு நிக்குதும்மா."

"காரு முட்ட போடல. திருப்பு."

ஜனவரி முதல் வாரத்தில் வளை வாயில் தினையளவு குஞ்சுகள் குவியலாக வந்து நின்றன. அதிகாரி வந்து, மென்தூரிகையால் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். நூற்று நாற்பத்து மூன்று.

"யார் சொல்லிக்கொடுத்தா உங்களுக்கு? பழகினவங்ககிட்டயே பாதி தவறிப்போகும்."

"யாருமில்ல. ஒண்ணும் பண்ணாம இருந்தேன். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

அந்த வியாழக்கிழமை சபைப் பெண்கள் அவள் வீட்டில் கூடினோம். மாட்லோமோ தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் தானே வளர்த்ததுபோல விளக்கினாள். மறுநாள் நாங்கள் மூவரும் அதிகாரியோடு நஹூன் ஆற்றுக்கு மேலுள்ள சரிவுக்குப் போய், புல்லடியில் இடம்விட்டு இடம்விட்டுக் குஞ்சுகளை விட்டோம். லிண்டெல்வா ஒவ்வொரு குப்பியையும் தன் கையாலேயே திறந்தாள். தாய் மட்டும் அவளோடு இருந்தது, அன்று ஏழு வாரத்துக்குப் பிறகு முதல் கரப்பானைப் பிடித்திருந்தது.

திரும்பும்போது பலரும் ஏறும் டாக்சி வேனில் காலிக் குப்பிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த பெரியவர் அதில் என்ன கொண்டுபோனீர்கள் என்று விசாரித்தார்.

"புள்ளைங்கய்யா," என்றாள். "நூத்தி நாப்பத்து மூணு. எல்லாம் நல்லா இருக்குதுங்க."