அரை மணித்தியாலம் முந்திப் புறப்படுகிறவர்

எனக்குத் தந்த சைக்கிளின் டயரை அவர் பெருவிரலால் அமத்திப் பார்த்த அந்தக் காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிரான்சின் நடுப்பகுதியில் ஒரு சிற்றூர். ஆட்களைவிட மாடுகள் கூட. வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டிலில் குந்தியிருந்து, நான் பாடுபட்டு அடித்து வைத்திருந்த காற்றில் அரைவாசியை வால்வைத் திறந்து வெளியே விட்டார். "கல்லு மாதிரி அடிச்சு வச்சிருக்கிறீர். தார் போட்ட காப்பெட் ரோட்டுக்கு இது சரி. இண்டைக்கு நாங்கள் போறது கிரவல் கல்லு ரோட்டில" என்றார். இதையெல்லாம் அவருக்குப் பிரான்சில் யாரும் படிப்பிக்கவில்லை. இலங்கையில், மன்னாரின் விடத்தல்தீவிலிருந்து கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயல் ஊர்களுக்கு, கரியரில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மணலிலும் கிரவலிலும் ஆண்டுக்கணக்காக மிதித்த மனிதர் அவர். என் மனைவியின் தமையன். எனக்கு மச்சான்.

நான் மன்னார் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மிச்சத்தையெல்லாம் பஸ்ஸுக்குக் காத்து நின்ற சனத்தின் வாயிலிருந்துதான் படித்தேன். யார் என்ன சொன்னாலும் அப்படியே மனதில் ஒட்டிக்கொள்ளும். மச்சான் சொன்னவை அதில் நிறைய உண்டு. "கிரவல் பொய் சொல்லாது, விழப்போறீர் எண்டால் முதலே சத்தம் போட்டுச் சொல்லிப்போடும்" என்பார். பாரிஸில் இருபது வருடத்துக்கு மேல் உணவகங்களின் குசினிகளில் பாத்திரமும் கத்தியுமாக நின்றுவிட்டு, கடைசியில் மகளுக்குக் கிட்ட இருக்கவென்று இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர். இங்கே தமிழ்க் குடும்பமென்று வேறு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப் பாதைகளில் சைக்கிள் ஓடும் ஒரு கூட்டம் மட்டும் இருந்தது. ஒரு நாள் அவர்களுக்குப் பின்னால் சும்மா மிதித்துக்கொண்டு போனவர், அடுத்த கிழமையே அவர்களில் ஒருவராகிவிட்டார்.

இதைக் கேட்டபோது நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். "ஊரில எங்கட ஆக்கள் கிரவல் ரோட்டைக் காப்பெட் போட்டுத் தாங்கோ எண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராத் திரியினம். இஞ்ச இவங்கள் நல்ல காப்பெட் ரோட்டை விட்டிட்டுக் கிரவலத் தேடி ஓடுறாங்கள். எனக்கெண்டு செஞ்சு வச்ச ஊர் மச்சான் இது."

ஆனால் நான் அவரைப் பார்க்கப் போயிருந்த நேரம் அந்தக் கூட்டத்தில் அவருக்கிருந்த இடம் கையை விட்டுப் போகும் நிலையில் இருந்தது. அதற்குக் காரணம் சிலுவைகள். அந்த நாட்டுக் காட்டுப் பாதைகளில், சந்திக்குச் சந்தி, பாசி பிடித்த கற்சிலுவை ஒன்று நிற்கும். மச்சான் ஒவ்வொன்றிலும் இறங்குவார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி, சிலுவை அடையாளம் போட்டு, ஒரு கர்த்தர் கற்பித்த செபம், மூன்று அருள் நிறைந்த மரியே. பிறகுதான் ஏறுவார். எங்கள் சந்திகளில் நிற்பது கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும் புனிதர்களின் சொரூபம். வெறும் சிலுவை காட்டோரம் நின்றால் கீழே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். போரில் இடம்பெயர்ந்து மடு மாதா கோயில் பாதையால் போன நாட்களில் அப்படித்தான் பழகினோம். தெரிந்தவரோ தெரியாதவரோ, இறங்காமல் தாண்டிப் போனவர் ஒருவருமில்லை. மச்சானின் தம்பியும் அந்தப் பாதையோரம்தான் கிடந்தான். காய்ச்சலோடு கரியரில் சாய்ந்து வந்தவன் வழியில் அடங்கிப்போனான். இரண்டு தடியை எடுத்து, பழைய டியூப்பைக் கீறிக் கட்டி, மச்சானே சிலுவை நட்டார். திரும்பி வந்து தேடியபோது பாதை அகன்றிருந்தது. தடியும் இல்லை, இடமும் தெரியவில்லை.

பிரெஞ்சுக்காரருக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் இந்த மனிதனுக்காகக் காட்டுக்குள் அடிக்கடி காத்து நிற்க வேண்டியிருக்கிறது என்பதுதான். கூட்டத்துக்குத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர், நெடிய மனிதர், சட்டமென்றால் சட்டம். முந்திய ஞாயிறு அவர் சொல்லிவிட்டாராம்: ஒன்று சேர்ந்து ஓடு, இல்லையென்றால் வராதே. மச்சான் யோசித்துப்போட்டு, "அப்ப நான் அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுறன். போய்ச் சேர முதல் நீங்கள் என்னைப் பிடிச்சால் இதோட விடுறன். பிடிக்காட்டி ஒவ்வொரு கிழமையும் அப்படியே வாறன்" என்றிருக்கிறார். அதற்குத் தபால்காரர் கை கொடுத்தாராம்.

அடுத்த ஞாயிறுதான் நான் கூடப் போனது. மச்சானின் மனைவியின் மோட்டர் பூட்டிய சைக்கிள் எனக்கு. நாற்பது கிலோமீற்றர், முடிவில் ஒரு இடிந்த மடாலயம், வழியில் பன்னிரண்டு சிலுவை. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்: சிலுவைக்கு இரண்டரை நிமிடமென்றால் பன்னிரண்டுக்கும் முப்பது நிமிடம். ஒரு நிமிடமும் மிச்சமில்லை. எட்டு மணிக்கு வெளிக்கிட்டோம். உரோமர் காலத்தில் போட்டதாம் என்று அவர் சொன்ன நேர்க்கோட்டுப் பாதை. இரண்டு பக்கமும் ஓக் மரங்கள் தலைக்கு மேலே கைகோத்து நின்றன. பாலை, வீரை மரங்கள் நிற்கும் எங்கள் காட்டில் வெயில் இலைகளுக்குள்ளால் குத்தும்; இங்கே அது வடிகட்டி விட்டதுபோல் பச்சையாக இறங்கியது. நான் கையைத் திருப்பித் திருப்பி நேரம் பார்த்தேன். "நீர் இஞ்சயும் வந்து பஸ்ஸா விடுறீர்?" என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது.

ஏழாவது சிலுவையில் வந்தது வினை. பக்கத்துப் பண்ணையிலிருந்து பால் வாளியோடு வந்த ஒரு பெண், செபம் முடியும்வரை நின்று பார்த்துவிட்டு அவரோடு பேச்சுக் கொடுத்தாள். மச்சானின் முகம் மாறியது. திரும்பி எனக்குச் சொன்னார்: "ஆரைத் தெரியும் உனக்கு இஞ்ச எண்டு கேக்கிறாள். ஒருத்தரையும் தெரியாது, ஆர் இஞ்ச செத்தது எண்டு நான் கேட்டன். ஒருத்தரும் சாகேல்லையாம் மச்சான். நல்ல விளைச்சல் வேணுமெண்டு அவளின்ர புருசன்ர பூட்டன் நட்டதாம். இந்தக் காடு முழுக்க அப்படித்தானாம். கீழ ஒருத்தரும் இல்லையாம்."

ஒரு வருடமாக, இல்லாத ஆட்களுக்காக மனிதர் செபம் சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோசமும் வந்தது. ஏழு நிமிடம் அங்கேயே போயிருந்தது. "அப்ப இனி இறங்கத் தேவையில்லை, மிதியுங்கோ மச்சான், பிடிக்கேலாது எங்கள!" என்றேன். அவர் ஏறி மிதித்தார். எட்டாவது சிலுவை தெரிந்தது. வேகத்தைக் குறைத்தார். இறங்கினார்.

"என்ன மச்சான் இது? ஒருத்தரும் இல்லையெண்டு இப்பத்தானே சொன்னீங்கள்?"

"ஓம். ஆளில்லாட்டி இடம் சும்மா கிடக்குத்தானே" என்றார். "இது எங்கட ஐயாவுக்கு."

அதற்குப் பிறகு நான் நேரம் பார்க்கவில்லை. ஒன்பதாவது அம்மாவுக்கு. பத்தாவது, கடலுக்குப் போய்த் திரும்பாத அவருடைய கூட்டாளிக்கு. பதினோராவதில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, "இது உமக்கு. உம்மட ஆள் ஆர்?" என்று கேட்டார். அகதி முகாமில் கண்மூடிய என் அக்காவை, எனக்கு முகங்கூட மறந்துபோன அக்காவை, முன்பின் தெரியாத ஒரு நாட்டின் கல்லுக்குக் கீழே வைத்து நான் செபம் சொன்னேன். கல் குளிர்ந்து கிடந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

பன்னிரண்டாவது ஒரு ஏற்றத்தின் உச்சியில். அங்கே நின்றால் மடாலயத்தின் உடைந்த கோபுரம் தெரியும். இறக்கத்தில் விட்டால் மூன்று நிமிடம். பின்னால் கிரவல் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஒரு சைக்கிள் இல்லை, ஒரு கூட்டம். மச்சானுக்கும் அது கேட்டது. அந்தக் கிரவல் பொய் சொல்லவில்லை. நான் அவரைப் பார்த்தேன், "விட்டிட்டு வாங்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அது யாருக்கு என்று எனக்குத் தெரியும். அவர் இறங்கி, சைக்கிளைச் சாய்த்து, தலைக்கவசத்தைக் கழற்றி, முழங்காலில் இருந்தார். மற்றவற்றில் நின்றபடி சொன்ன மனிதர், அந்தக் கிரவலில் முழங்காலில்.

கூட்டம் வந்து சேர்ந்தது. தபால்காரர் பிரேக்கை அழுத்தி ஒற்றைக் காலை ஊன்றினார். அவருக்குப் பின்னால் எல்லோரும் நின்றார்கள். மச்சான் அவசரப்படவில்லை. மூன்றாவது அருள் நிறைந்த மரியேயையும் முடித்துவிட்டுத்தான் எழும்பினார். யாருக்கு என்று தபால்காரர் கேட்டிருக்க வேண்டும். மச்சான் தம்பியின் பெயரைச் சொன்னார். அந்தக் காட்டில் எனக்கு விளங்கிய ஒரே சொல் அதுதான். பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார். தடியையும் டியூப்பையும் கைகளால் கட்டிக் காட்டியதால் அதுவும் விளங்கியது. நெடிய மனிதர் கொஞ்ச நேரம் கற்சிலுவையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டுப் பின்னால் திரும்பி ஒரு வார்த்தை சொல்ல, எல்லோரும் போத்தலை எடுத்தார்கள்.

மச்சான் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டே எனக்குச் சொன்னார்: "தாங்கள் தண்ணி குடிக்க நிண்டவையாம். எங்கள இன்னும் பிடிக்கேல்லையாம். எங்கள முன்னுக்கு வெளிக்கிடட்டாம்."

அந்த இறக்கத்தில் நாங்கள் இருவரும் முன்னாலும், பதினைந்து பேர் தண்ணீர் குடித்துவிட்டுப் பின்னாலுமாக இறங்கியதை மன்னார் பஸ் நிலையத்தில் நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. "உங்கட மச்சான் வெண்டவரோ தோத்தவரோ?" என்று அங்கே ஒருவர் கேட்டார். "அவர் இறங்கினவர்" என்றேன். அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் வேறு யாரைப் பற்றியும் பேசியதில்லை.

அடுத்த கிழமையிலிருந்து அவர்களுடைய அறிவித்தலில் இரண்டு நேரம் வருகிறது: எட்டு மணி அவருக்கு, எட்டரை மற்றவர்களுக்கு. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார், இன்னும் எட்டு மணிக்குத்தான். ஒருவரும் அதை மாற்றச் சொல்லவில்லை.

போன மாதம் தபால்காரரின் மனைவி இறந்துவிட்டார். மூன்று ஞாயிறு அவர் வரவில்லையாம். நாலாவது ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல், எட்டு மணிக்கு மச்சானின் வீட்டுப் படலையடியில் வந்து நின்றிருக்கிறார். அன்று பின்னேரமே மச்சான் எனக்குப் போன் எடுத்தார்.

"எல்லாத்திலயும் என்னோட இறங்கினவர். சிலுவை அடையாளம் போடத் தெரியாது பாவம், தொப்பியக் கழட்டிப்போட்டு நிண்டவர். ஆறாவதிலயே மற்ற ஆக்கள் வந்து எங்களப் பிடிச்சிட்டினம் மச்சான்" என்றார். பிறகு சொன்னார்: "எல்லாருக்கும் அந்த இடத்திலதான் தண்ணி விடாய்ச்சது."