இடைவேளை வரைக்கும்

எங்கள் தியேட்டரில் கூட்டிப் பெருக்குகிறவளுக்குக் கிளைமாக்ஸ் அக்கா என்று பெயர் வைத்தது நான்தான். பத்தொன்பது வருஷ வேலையில் அவள் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்க இருபது நிமிஷம்தான் இருக்கும். அதற்குள் நானூறு இருக்கைகளுக்கு அடியில் கிடப்பதை வாரியாக வேண்டும். அதனால் படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே துடைப்பமும் சாக்குமாக உள்ளே போய், கதவு ஓரமாக நின்றுகொள்வாள். அவள் பார்த்த சினிமாவெல்லாம் அந்தப் பத்துப் பத்து நிமிஷங்கள்தான். லீவு நாளில் வந்து முழுசாகப் பாருங்களேன் என்றால், "வீட்டுல துணி துவைக்கிறது யாரு, நீயா?" என்பாள்.

கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் பார்க்கிறவளுக்கு உலகம் ரொம்ப நல்ல இடமாகத்தான் தெரியும். பிரிந்தவர்கள் சேர்ந்துவிடுவார்கள், கெட்டவன் உதை வாங்கிவிடுவான். எதற்கெடுத்தாலும் "எப்படியும் சரியாயிடும் தம்பி" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். டிக்கெட் கிழித்து, டார்ச் அடித்து இடம் காட்டுகிற நான் எல்லாப் படத்தையும் முழுசாகப் பார்த்துத் தொலைத்தவன்.

போன வருஷம் அந்தப் படம் வந்தது. நோயில் கிடந்த பையன் ஒருவன் பிழைத்து எழுந்து, ஓட்டப்பந்தயத்தில் பதக்கம் வாங்குகிற கதை. பார்த்துவிட்டு வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "மனசுக்குத் தெம்பா இருக்கு" என்றது ஒரு கட்சி. "வீட்டுல இல்லாத அழுகையா? இதுக்கு டிக்கெட் வேற எடுக்கணுமா?" என்றது மற்றது. நான் இரண்டாவது கட்சி. அக்காவுக்கு இந்தச் சண்டையே புரியவில்லை. "அழுகை எங்க தம்பி இருக்கு? பையன் ஓடறான், அம்மாக்காரி கை தட்டறா, எல்லாரும் சிரிக்கிறாங்க. குப்பைகூடக் கம்மி" என்றாள். அழுகைப் படத்துக்குக் குப்பை கம்மிதான். ஜனங்கள் பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்துவிடுவார்கள். அதை அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அவளுக்கு ஒரு தங்கை. தங்கைக்கு ஒரே பிள்ளை. இரத்தத்தில் ஏதோ நோய் என்று இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்து, பதினோராவது வயதில் போய்விட்டான். அதன் பிறகு தங்கை வாசற்படி தாண்டவில்லை. தையல் மெஷினை மூடி வைத்தவள் வைத்தவள்தான். அக்கா அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். சோறு போட்டால் தின்பாள், போடாவிட்டால் கேட்க மாட்டாள். இப்படியே பதினாலு மாதம் ஓடியது. "ஒரே ஒரு நாள் இவளை வெளியே கூட்டிட்டு வந்துட்டா போதும் தம்பி, மத்ததெல்லாம் தானா சரியாயிடும்" என்று அக்கா என்னிடம் புலம்பாத நாள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அந்தத் தங்கையோடு வந்து நின்றாள். லீவு போட்டு, மேனேஜரிடம் கெஞ்சி இரண்டு இருக்கை வாங்கியிருந்தாள். "ஒரு பையன் நோயில இருந்து மீண்டு வர்ற கதைடி. பாரு, மனசு லேசாயிடும்" என்று சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். எனக்குத் திக்கென்றது. பின்னால் வரிசை நெட்டித் தள்ளியது. ஒன்றும் சொல்லாமல் இரண்டு டிக்கெட்டையும் கிழித்து உள்ளே அனுப்பினேன். அந்தப் பாவம் என்னுடையது.

அரை மணி நேரத்தில் அக்கா ஓடிவந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"என்னடா தம்பி, ஆரம்பத்துல இருந்து ஆஸ்பத்திரியாவே இருக்கு? அந்தப் பொம்பளை கட்டிலுக்கு அடியில படுத்துத் தூங்கறா. பையன் வாந்தி எடுத்தா ரெண்டு கையாலயும் ஏந்திப் பிடிக்கிறா. அப்படியே எங்க வீட்டுக் கதைடா!"

"இடைவேளை வரைக்கும் அதுதான்க்கா. அவங்களைக் கூட்டிட்டு வந்துடுங்க."

"கூப்பிட்டேன். கையைத் தட்டி விட்டுட்டா."

மறுபடி உள்ளே ஓடினாள். இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். தங்கை எழுந்திருக்கவே இல்லை. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் கைதட்டல் கேட்டது. எல்லோருக்கும் முன்னால் தங்கைதான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த ஒரு கண்ணாடிக்காரர் தன் மனைவியிடம், "அம்மான்னா இப்படி விடாம போராடணும். அதான் புள்ளை பொழைச்சுக்கிட்டான்" என்று சொல்லிக்கொண்டு இறங்கினார். நல்ல மனுஷர்தான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் அவரை இரண்டு அறை அறையலாம் போலிருந்தது எனக்கு.

"அந்தம்மா செஞ்சதுல நான் எதைக்கா விட்டேன்?" என்று பின்னால் ஓடிவந்த அக்காவிடம் கேட்டாள் தங்கை.

"நீ எதையும் விடலைடி."

"அப்புறம் ஏன் அவ புள்ளை மட்டும் எழுந்து ஓடறான்?"

எதற்கெடுத்தாலும் சரியாயிடும் என்கிற அக்கா அவள் காலடியில் உட்கார்ந்து, "தெரியாம கூட்டிட்டு வந்துட்டேன்டி, என்னை மன்னிச்சுடு" என்று அழுதாள்.

"நாளைக்கும் கூட்டிட்டு வா" என்றாள் தங்கை. "இடைவேளை வரைக்கும் போதும்."

"எதுக்குடி? அழவா?"

"அது வரைக்கும் அவன் கட்டில்லதானே இருக்கான். நான் பக்கத்துல இருந்துக்கறேன்."

வந்தாள். தினமும் தலை வாரிக்கொண்டு, மதியக் காட்சிக்குத் தானாகவே நடந்து வந்தாள். அக்கா ஆசைப்பட்டபடி வாசற்படி தாண்டிவிட்டாள். அதைப் பார்த்துச் சந்தோஷப்படத்தான் எங்கள் இருவருக்கும் முடியவில்லை. கடைசி வரிசையில் மூலை இருக்கையை அவளுக்கென்று ஒதுக்கி வைத்தேன். மேனேஜரும் கண்டும் காணாமல் இருந்தார். இடைவேளை மணி அடித்ததும் எழுந்து, யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவாள். அந்தப் பையன் எழுந்து நடப்பதை அவள் மறுபடி பார்க்கவே இல்லை.

அவள் வர ஆரம்பித்து இரண்டாவது வியாழக்கிழமை படத்துக்குக் கடைசி நாள். அதை அவளிடம் யார் சொல்வது என்று காலையிலிருந்து அக்கா என்னைப் பார்ப்பதும் நான் அக்காவைப் பார்ப்பதுமாக இருந்தோம். இடைவேளையில் வெளியே வந்தவளை அக்காதான் வழிமறித்தாள்.

"நாளையில இருந்து இந்தப் படம் இல்லைடி. எடுத்துடறாங்க."

"வேற எங்கேயும் ஓடலையா?"

"எங்கேயும் இல்லையாம்."

தங்கை முகத்தைத் துடைத்து, முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"அப்ப அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்க்கா" என்று திரும்பி உள்ளே போனாள்.