அக்கா எண்ணிய பத்து

எங்கள் படகுக் கிளப்பில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், அவரிடம் கண் பரிசோதனைக்குப் போனவர்களுக்குத் தெரியும். எழுத்துப் பலகையின் கடைசி வரியை ஒருவர் திக்காமல் திணறாமல் படித்துவிட்டால் போதும், மனுஷனுக்கு முகம் மாறிவிடும். உடனே வேறு பலகையை மாட்டி, "இப்ப படிங்க" என்பார். முதல் பலகையை நாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்போமாம்.

அப்படிப்பட்டவரிடம்தான் படகுகளுக்கு நம்பர் போடும் வேலையைக் கொடுத்தார்கள். எங்கள் ஏரியில் ஒன்றைப்போல் இன்னொரு பாய்மரப் படகு கிடையாது. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று மரம், ஒன்று ஃபைபர். எல்லாவற்றையும் சும்மா ஓடவிட்டால் நீளப் படகு ஜெயிக்கும், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு படகுக்கும் ஒரு நம்பர். ஓடிய நேரத்தை அந்த நம்பரால் பெருக்க வேண்டும். பெருக்கி வருவது யாருக்குக் குறைவோ அவருக்கு வெற்றி. மெதுவான படகுக்குச் சின்ன நம்பர், அதாவது சலுகை. தொடர்ந்து தோற்பவரின் நம்பரைக் கொஞ்சம் இறக்குவார், ஜெயிப்பவரின் நம்பரை ஏற்றுவார்.

இதில் ஒரு தில்லுமுல்லுக்கு இடம் உண்டு. பாதி வருஷம் வேண்டுமென்றே சுணங்கி ஓட்டி, நம்பரை இறக்க வைத்துவிட்டு, வருஷக் கோப்பைப் பந்தயம் நெருங்கும்போது மனசுவைத்து ஓட்டுவது. எங்கள் கிளப்பில் அதற்குப் 'பதுங்கல்' என்று பெயர். பூதக்கண்ணாடிக்கு அந்த ஒரு சொல் போதும், சோறு தண்ணி வேண்டாம். யாராவது நன்றாக ஓட்டினால் முன்னே பதுங்கியிருந்தான் என்பார், மோசமாக ஓட்டினால் இப்போது பதுங்குகிறான் என்பார். காற்று என்று ஒன்று இருப்பதையே அவர் நம்பினாரோ என்னவோ.

பந்தய நாளில் அவர் ஏரியின் மறுகோடியில், படகுகள் திரும்பும் மிதவைக்குப் பக்கத்தில், பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பார். இந்தக் கரையில் முடிவுக் கோட்டில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பது அவர் மனைவி. எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. அதிகம் பேசமாட்டார். கேட்டதற்குக்கூட யோசித்துத்தான் பதில் சொல்வார்.

அக்காவுக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவர், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நான்கு வருஷம் தன் கையாலேயே மரத்தை இழைத்து ஒரு படகு கட்டினார். கிளப்பில் படகு ரிப்பேர் பார்க்கும் எனக்கே பொறாமை வரும் வேலை அது. கல்யாணம் ஆகாதவர், வேறு பொழுதுபோக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் படகு, மற்ற ஆறு நாளும் அந்தப் படகைப் பற்றிய பேச்சு. இரண்டு வருஷமாக அவர் படகு நாலாவது, ஐந்தாவது என்றே வந்துகொண்டிருந்தது. பூதக்கண்ணாடியும் மூக்கால் அழுதுகொண்டே மைத்துனர் நம்பரை ஒரு பொட்டு இறக்கினார்.

அந்த நேரத்தில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மூன்று ஞாயிறு ஸ்டாப்வாட்ச் என் கைக்கு வந்தது. மூன்றிலும் டிராயிங் மாஸ்டர்தான் முதல். நாலு விநாடி, ஆறு விநாடி, ஐந்து விநாடி வித்தியாசம்.

பூதக்கண்ணாடி முதலில் என்னைத்தான் பிடித்தார். கடைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கண்ணைச் சோதித்தார், இரண்டு பலகையிலும். கண்ணில் குற்றம் கிடைக்கவில்லை. ஸ்டாப்வாட்சை வாங்கிப்போய் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். அதிலும் ஒன்றும் கிடைக்காததால் படகுக்கு வந்தார். அதைக் கரையேற்றிக் கவிழ்க்கச் சொல்லி அடிப்பாகம் முழுக்க விரலால் தடவினார். பின்பக்கம் ஒரு சின்னக் கொக்கி இருந்தது.

"இது எதுக்கு மாப்ள?"

"தண்ணி பாட்டில் தொங்கவிட, மாமா."

"பாட்டிலா, வாளியா?"

டிராயிங் மாஸ்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தண்ணீருக்குள் வாளியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓட்டினால் எந்தப் படகும் சுணங்கும். பதுங்குவதற்குப் பழைய வழி. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கொக்கியைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்திருப்பேன். அதையும் சாட்சியாக வைத்துக்கொள்வார் என்றுதான் சும்மா இருந்தேன்.

மறுநாளே கமிட்டிக்குப் புகார் போய்விட்டது. பதுங்கல் நிரூபணமானால் கிளப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், திரும்பச் சேர்க்கமாட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு ஏரியும் கிடையாது. டிராயிங் மாஸ்டர் அக்கா வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். ஷெட்டில் என்னிடம் வந்து, "விக்கணும்னா யாராவது வாங்குவாங்களா?" என்று படகைக் காட்டிக் கேட்டார். நான் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.

விசாரணை கிளப்பின் மாடி அறையில் நடந்தது. தலைவர் ஒரு பல் டாக்டர், வாயைத் திறக்கச் சொல்லியே பழக்கப்பட்டவர். "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார். பூதக்கண்ணாடி இரண்டு வருஷக் கணக்கை மேஜை நிறையப் பரப்பினார்.

"ரெண்டு வருஷம் வராத வேகம் மூணு வாரத்துல எப்படி வந்துச்சு? எனக்கு மச்சானும் ஒண்ணுதான், மத்தவனும் ஒண்ணுதான். பதுங்கினது பதுங்கினதுதான்."

செயலாளர் அதை எழுத ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க" என்றார் அக்கா. கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "அவன் பதுங்கலை. நான்தான் அவனை லேட்டாக்கினேன்."

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவன் படகு கோட்டைத் தாண்டினதும் மனசுக்குள்ள பத்து எண்ணுவேன். அப்புறம்தான் வாட்சை அழுத்துவேன். ரெண்டு வருஷமா, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்."

"ஏம்மா?" என்றார் பல் டாக்டர்.

"முதல் நாளே இவர் சொல்லிட்டார். 'உன் தம்பி வரும்போது உன் விரல் முந்தும், எனக்குத் தெரியும். நான் கண்டுபிடிச்சிடுவேன்'னு. முந்திடுமோன்னு எனக்கே பயம் வந்துடுச்சு. பத்து எண்ணினா யாரும் ஒண்ணும் சொல்லமுடியாதுல்ல."

பூதக்கண்ணாடி செய்த முதல் காரியம் பென்சிலை எடுத்ததுதான். சத்தியமாகச் சொல்கிறேன், பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பென்சிலைத்தான் எடுத்தார். "சரியா பத்தா? ஒன்பதோ பதினொண்ணோ இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் பெருக்கத் தொடங்கினார். அரைமணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தலையை நிமிர்த்தாமலே படித்தார். அந்த இரண்டு வருஷ நேரத்திலும் பத்து விநாடியைக் கழித்து, இறக்கிய நம்பரைப் பழையபடி ஏற்றினால், இந்த வருஷம் ஜெயித்த மூன்றும் டிராயிங் மாஸ்டருக்கு இல்லை. ஆனால் போன வருஷக் கோப்பை அவருடையது. வேறொருவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

"புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

டிராயிங் மாஸ்டர் கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவிடம் போனார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா. எனக்கு ஓட்டத் தெரியலைன்னே நினைச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அக்கா அழுதார்.

எல்லோரும் கலைந்த பிறகு நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தேன். பூதக்கண்ணாடி காகிதங்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். பிறகு மனைவிக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒன்று கேட்டார். அந்தச் சின்ன அறையில் அது எனக்கும் கேட்டது.

"வீட்டுலயும் இப்படி எதுக்காவது எண்ணுறியா?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. பத்து வரை நானே எண்ணிவிட்டேன்.

"நீங்க எதைக் கேட்டாலும்" என்றார் அக்கா.