ஸ்டூல் சிஸ்டர்

ஊத்துக்கோட்டைப் பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ் மெர்சிக்கு 'ஸ்டூல் சிஸ்டர்' என்று பேர். கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து டிரிப் போட்டால், சிவப்பு ஸ்டூலைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஏறுவதற்கு அரை மணி, ஏறிய பிறகு கவனிக்க அரை மணி. கலெக்டரே கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள். ஆனால் யாருக்காவது ரத்த அளவு கூடிவிட்டது என்று ரிப்போர்ட் வந்தால், நாற்பது வயதை மறந்து குதிப்பாள்.

இளமதிக்கு ஏழாம் மாதம், ரத்த அளவும் ஏழுதான். மாத்திரை போட்டால் வாந்தி. பத்தைத் தொடாமல் பிரசவம் வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் முதல் டிரிப் அன்று மெர்சிக்குக் காலையிலிருந்தே பரபரப்பு. அலர்ஜி உண்டா, ஆஸ்துமா உண்டா என்று கேட்டாள். அவசர மருந்துத் தட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தைத் திருப்பி வேகத்தைக் குறைத்து, சொட்டுகளை எண்ணிவிட்டு உட்கார்ந்தாள்.

பக்கத்து அறையில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். பிடிக்க வேறு ஆளில்லை. ஓடினாள். இரண்டே நிமிடம்.

திரும்பும்போது இளமதியின் முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டியது.

"சிஸ்டர், மாரு அடைக்குது."

மருந்து சொட்டாக இல்லை, தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. மெர்சி சட்டென்று டிரிப்பை நிறுத்தினாள். டாக்டரைக் கூப்பிட்டு, இளமதியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, பிரஷர் பார்த்தாள். இறங்கியிருந்தது. வெறும் சலைன் ஏற்றச் சொன்னார் டாக்டர்.

"சக்கரத்த யாரு திருப்புனது?"

"நாந்தான் சிஸ்டர்," என்றான் கட்டிலோரம் நின்ற கணவன் ஜெகன். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் வேலை. "ஒரு மணிக்கு கம்பெனி பஸ்சு. அங்க லைன் லேட்டானா மெஷின் ஸ்பீடு ஏத்துவோம், அந்த நெனப்புல..."

"இன்னாப்பா, இது உன் கம்பெனி மெஷினா?"

திட்டினாளே தவிர, எழுந்து போனது தானல்லவா என்று உறுத்தியது. கால் மணியில் பிரஷர் ஏறியது. டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு, பாதி வேகத்தில் மறுபடி ஆரம்பித்தாள். கம்பெனி பஸ் போய்விட்டது. ஜெகன் கையைக் கட்டிக்கொண்டு சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து டிரிப்பும் முடிந்து நாலு வாரம் ஆயிற்று. மெர்சி இன்னொருத்தியின் கட்டிலோரம் ஸ்டூலில் இருந்தாள். ஜெகன் ரிப்போர்ட்டோடு ஓடிவந்தான்.

"சிஸ்டர், பத்து புள்ளி நாலு."

மெர்சிக்குக் கால் பரபரத்தது. பாதி எழுந்தேவிட்டாள்.

"எழுந்திரிக்காதீங்க சிஸ்டர்," என்றான் ஜெகன். "டிரிப்பு ஓடிக்கினு இருக்குது. ஒங்களுக்கும் சேத்து நானே குதிக்கிறேன்."