பேயின் முன்னால் சும்மா நிற்பவர்

சண்டை தொடங்கியதும் பேயக்கா கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டுத் தேநீர்க் குவளையை எடுத்துக்கொள்வார். திரையில் தலைவிரிகோலமாக ஒன்று பாய்ந்து வரும். நாயகன் ஆணி அடித்தாற்போல் நிற்பான். ஓர் அடி, இரண்டு அடி, மூன்றாவதில் ஆள் காலி. "செத்தாச்சு" என்று பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும் குரலில் சொல்லிவிட்டு ஒரு வாய் குடிப்பார். பிறகு மறுபடி அதே பேய், அதே சாவு.

வீடியோ கேம்கள் விற்பனைக்கு வருமுன் ஆடிப் பார்த்து, கதை தேறுமா தேறாதா என்று வெளியிடும் நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். வயது நாற்பத்தாறு. பேய், பிசாசு, ஆவி எது வந்தாலும் அவர் தலையிலேயே கட்டுவதால் இந்தப் பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரோ வந்திருப்பதாக எண்ணித் திரும்பிப் பார்ப்பார்.

வேலை செய்யும் அறைக்கு ஒரே ஜன்னல். அதில் திரைச்சீலைக்குப் பதில் பழைய போர்வை. பேய்க்கதைகளில் முக்கால்வாசி இருட்டிலேயே நடக்கும். வெயில் பட்டால் திரையில் தன் மூக்குதான் தெரியும் என்பார். இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருக்கு. கைப்பிடி ஆடும் மற்றொன்று கணவருக்கு.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். கன்ட்ரோலரைத் தொடமாட்டார். மதியம் சாப்பிட வந்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பார், கேள்வி கேட்பார்.

"யாரு இவன்? எதுக்குக் கிணத்துல எறங்கறான்?"

"இருங்க, சொல்வாங்க."

"அரை மணி நேரமா இதையேதான் சொல்ற. அவனுக்கே தெரியாது போல."

அவர் மூன்றாம் முறை கேட்டும் ஆட்டம் வாய் திறக்கவில்லை என்றால் அறிக்கையில் ஒரு குறை ஏறிவிடும். "எங்க வீட்டு மீட்டர்" என்று பேயக்கா அவரைச் சொல்வதுண்டு. அவருக்கு அதில் பெருமைதான்.

சும்மா நிற்பது மட்டும் பேயக்காவின் சொந்த வழக்கம். "அடிச்சா எல்லாப் பேயும் ஒண்ணுதாங்க. நின்னு பாத்தாத்தான் அது யாருன்னு தெரியும்" என்பார். நின்று பார்த்தால் சில பேய்கள் சுவரைப் பார்த்து நடந்துகொண்டே இருக்கும். சில, எழுதிக் கொடுத்த வசனம் தீர்ந்துபோய் விழிக்கும். அவற்றையெல்லாம் ஒன்று விடாமல் குறித்துக்கொள்வார்.

கடந்த ஜனவரியில் ஆறே பேர் வேலை செய்யும் ஒரு சின்ன ஸ்டுடியோவிலிருந்து கூடுதல் கதை ஒன்று வந்தது. வெள்ளத்தில் மூழ்கிய ஆஸ்பத்திரியில் விளக்கோடு சுற்றி, ஆவிகளை அடித்து வீழ்த்தும் காவல்காரனின் ஆட்டம் அவர்களுடையது. ஏற்கெனவே நன்றாக விற்றிருந்தது. மூன்றாம் மாடியில் அலையும் பெண் ஆவி யார் என்பதைச் சொல்ல இப்போது தனியாக ஒரு கதை சேர்த்திருந்தார்கள். அவள் ஒரு நர்ஸ். தண்ணீர் ஏறியபோது, நகர்த்த முடியாத நோயாளிகளோடு தங்கிவிட்டவள். "இதோ வந்துடறோம்" என்று படகில் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. அன்று கணவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மணி பார்க்கவும் மறந்து, வேலைக்குத் தாமதமாகத்தான் போனார்.

கடைசிச் சண்டைக்கு மறுநாள்தான் வந்து சேர்ந்தார்கள். இருட்டுக்குள்ளிருந்து நர்ஸ் எழுந்தாள். "போகாதே. கொஞ்ச நேரம் என்கூட இரு" என்றாள். பேயக்கா வழக்கம்போல் கன்ட்ரோலரை மடியில் போட்டார். குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியால் நர்ஸ் ஓங்கி அடித்தாள். செத்தாச்சு. மறுபடி நின்றார். "என்கூட இரு" என்றாள், மறுபடி அடித்தாள்.

கணவர் சிரித்துவிட்டார். "வா, உக்காருன்னு கூப்பிட்டுட்டு மண்டையில போடுது! நல்ல மரியாதைம்மா!" பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களும் இதேதான் சொல்வாங்க. கதவத் தொறங்கன்னுகூட மொதல்ல சொல்றதில்ல. போயிடாதீங்க, பேசிட்டே இருங்கன்னுதான்."

கதை நன்று, முடிவு தேறாது என்று பேயக்கா குறித்துக்கொண்டார். செய்தி எப்படியோ கசிந்து, கதை எழுதியவர் தொலைபேசியில் வந்துவிட்டார்.

"அக்கா, நாங்க ஆறு பேரும் ஒரு வருஷமா ஆடறோம். ஒருத்தர்கூட அங்க நிக்கலயே. அடிக்கிற ஆட்டத்துல யாருக்கா நிப்பாங்க?"

"நிக்கச் சொல்லி நீங்கதானே தம்பி எழுதியிருக்கீங்க?"

"ஆமா. அந்த வரி நான் எழுதினதுதான்" என்றார். "நீங்க தேறும்னு ஒரு வார்த்தை போட்டாத்தான் வெளியிடறவங்க விடுவாங்க. இல்லன்னா கடையச் சாத்திட்டுப் போகவேண்டியதுதான். ஆறு குடும்பம்க்கா."

அடுத்த இரண்டு நாளும் பேயக்கா வைத்த குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது. கணவர் முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு, "தேறும்னு எழுதிட்டுப் போயேன். யாரு நிக்கப் போறா?" என்றார்.

"எவளாவது ஒருத்தி நிப்பாங்க. காசு குடுத்து வாங்கி, அந்த நர்ஸ் கெஞ்சறதக் கேட்டு, பாவம்னு நிப்பா. அவளுக்குல்ல அடி விழும்?"

அறிக்கையில் "இப்போது தேறாது" என்றுதான் எழுதினார். ஆனால் யாருக்காகவும் பரிந்து எழுதியறியாதவர், அன்று கீழே மூன்று வரி சேர்த்தார். ஓராண்டாகத் தாம் பார்த்தவற்றில் இதுவே சிறந்த கதை. திருத்த அவகாசம் கொடுத்தால் கூலியில்லாமல் மறுபடி பார்த்துத் தருவதாக உறுதியும் சொன்னார். அனுப்பியபின் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். வெளியிடுவோரிடமிருந்து பதில் வந்தது: பிப்ரவரி முடியும்வரை அவகாசம். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

ஸ்டுடியோவிலிருந்து கடிதம் பிப்ரவரி இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை வந்தது. திருத்திய ஆட்டத்தோடு ஒரே வரி: "ஆறு பேரும் நின்று பார்த்துவிட்டோம் அக்கா, இனி நீங்கள் நில்லுங்கள்." கணவரை அழைத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் பேயக்கா ஆட்டத்தில் அடிக்காமல் நின்றார். நர்ஸ் கம்பியை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரத் தரையில் காவல்காரனின் விளக்கருகே உட்கார்ந்தாள். ஒவ்வொரு நோயாளியின் பெயராகச் சொல்லத் தொடங்கினாள்.

பேயக்கா பக்கத்து மேஜைக் கணினியில் "தேறும்" என்று தட்டி, அப்போதே அனுப்பிவிட்டார். "அப்பாடா, பொழச்சாங்க" என்று கணவர் எழுந்து செருப்பைத் தேடினார். ஆட்டத்தை அணைக்கப் பேயக்கா பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். நர்ஸ் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். கையை எடுத்துக்கொண்டு, நாற்காலியைத் திரைக்குக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.