பஸ் பிடிக்கிற வேகத்தில் ஒரு பிரதட்சிணம்

இரண்டு வருஷங்களுக்கு முன்னால், பொங்கல் முடிந்த வாரத்தில் ஆரம்பித்தது இது. நடந்த இடம் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலின் வெளிப்பிரகாரம். அப்போது எனக்கு வயது எழுபத்து மூன்று. என் மருமகளுக்கு நாற்பத்தாறு. அவளுடைய எடை எண்பத்தாறு கிலோ. மருமகளின் எடையை மாமனார் இப்படிப் பகிரங்கமாக எழுதலாமா என்று கேட்காதீர்கள். அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "கீழே இறங்கின எடையையும் சேர்த்து எழுதுங்க மாமா" என்றாள்.

நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கண்ணில் பட்டதை எண்ணுவது எனக்குப் பழக்கம். மாடி ஏறினால் படிகளை எண்ணுவேன். பறக்கும் ரயில் போனால் பெட்டிகளை எண்ணுவேன். அது போதாதென்று கவலைப்படும் குணமும் உண்டு. மழை வந்தால் ஒழுகுமோ, வராவிட்டால் கிணறு வற்றுமோ என்று இருப்பேன். வீட்டில் இந்த இரண்டு குணத்துக்கும் மரியாதை கிடையாது. அந்த நான்கு மாதங்கள் மட்டும் இரண்டுக்கும் வேலை வந்தது.

மருமகளுக்கு ஒரே தம்பி. தியாகராய நகரில் ஜவுளிக்கடை விற்பனையாளர். எந்நேரமும் நின்றுகொண்டே, பத்துப் புடவையைப் பிரித்துப் போட்டு ஒன்றை விற்கும் வேலை. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. அதைவிடக் கொடுமை தண்ணீர். ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் குடிக்கக் கூடாது. சென்னை வெயிலில் மூன்று டம்ளர்! எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் எதிரில் தண்ணீர் குடிக்கவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

அக்காவின் ரத்தம் பொருந்தியது. ஒரு சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று அவள் போய் நின்றாள். என் மகனும் சரி என்றான். மருத்துவமனையில்தான் சரி என்று சொல்லவில்லை. இந்த எடையோடு கொடுத்தால் பிற்பாடு அவளுக்கே ஆபத்து, சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது என்றார்கள். எடை எழுபத்தாறுக்குக் கீழே வரவேண்டும், சர்க்கரையும் இறங்கவேண்டும், நான்கு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வெளியில் யாருக்கும் சொல்லக் கூடாது. "குறையலைன்னா, தம்பிக்காகக்கூட இவளால வாயைக் கட்ட முடியலைன்னு சொல்லுவாங்க மாமா. அதை என்னால தாங்க முடியாது" என்றாள். நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

முதலில் பெசன்ட் நகர் கடற்கரைக்குத்தான் போனாள். புது ஷூ, தளர்ந்த சுடிதார். மறுநாளே கண் சிவந்து திரும்பி வந்தாள். கூட்டமாக ஓடிவந்த இளைஞர்களில் ஒருவன், "ஆன்ட்டி, லாரி எல்லாம் லெஃப்ட்ல போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனானாம். கூட வந்தவர்கள் சிரித்தார்களாம். ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அன்று ராத்திரி சமையலறையில் இருந்தே, "மாமா, நாளையிலிருந்து நான் கோயில்ல சுத்தப் போறேன். அங்க யாரும் பார்க்க மாட்டாங்க. பார்த்தாலும் சாமி கும்பிடறதா நினைச்சுப்பாங்க" என்றாள்.

நல்ல யோசனைதான். எனக்கு வேறு கவலை. பிரகாரத்துக் கல்லில் எண்ணெய் சிந்தியிருக்கும், வழுக்கும். பனி வேறு. நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். அலுவலகம் போவதற்கு முன் என் மகன் எங்கள் இருவரையும் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான். நான் கொடிமரத்துக்குத் தள்ளி ஒரு தூணில் சாய்ந்து உட்காருவேன். அவள் சுற்றுவாள். நான் எண்ணுவேன். வலது பாக்கெட்டில் வறுத்த கடலை, ஒரு சுற்றுக்கு ஒன்றாக இடது பாக்கெட்டுக்கு மாற்றுவேன். முதல் வாரமே கணக்கில் தகராறு. கவலையில் நானே இரண்டு கடலையை வாயில் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, பாவம், அவள் இரண்டு சுற்று அதிகம் நடந்தாள். மறுநாளிலிருந்து புளியங்கொட்டைக்கு மாறினேன்.

அவள் நடை சாதாரண நடை இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை வீசி, மூச்சு வாங்க விறுவிறுவென்று போவாள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தினமும் வரும் ஒரு மாமி அவளைக் கை காட்டி நிறுத்தினார். வயதில் என்னை ஒத்தவர். குரல் மட்டும் கோயில் மணி.

"ஏம்மா கொழந்தே, பிரதட்சிணம்னா நிறைமாச கர்ப்பிணி எண்ணெய்க் குடத்தைத் தூக்கிண்டு போறாப்ல போகணும். நீ என்னடான்னா பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி ஓடறியே!"

"பஸ்ஸைத்தான் மாமி பிடிக்கணும். விட்டா அடுத்த பஸ் கிடையாது" என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் போய்விட்டாள்.

அவ்வளவுதான். இவ்வளவு அவசரமாகச் சுற்றுகிறாள் என்றால் என்னவோ பெரிய வேண்டுதல் என்று கோயில் முழுக்கப் பரவிவிட்டது. வாசலில் பூ விற்கும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், உம் மருமவ இன்னா வேண்டிக்கினு கீது? தெனிக்கும் இந்த ஓட்டம் ஓடுதே?"

வாக்குக் கொடுத்திருக்கிறேனே, என்ன சொல்வது? "குடும்ப விஷயம்மா" என்றேன். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். குடும்ப விஷயம் என்றால் ஆளுக்கொரு குடும்ப விஷயம் கண்டுபிடிப்பார்கள் அல்லவா? மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பிள்ளையாண்டான் வேலைக்கெல்லாம் ஒழுங்காப் போயிண்டிருக்கானோன்னோ?" என்று மெதுவாக விசாரித்தார். இன்னொருவர் என் பேத்திக்கு ஜாதகத்தில் தோஷமா என்றார். பேத்தி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பூக்கார அம்மாவோ நேராக என் மகன்தான் குற்றவாளி என்று தீர்மானித்துவிட்டார். அவன் ஆட்டோவில் இருந்து இறங்கினால் ஒரு பார்வை பார்ப்பார். "அப்பா, அந்தப் பூக்கார அம்மா ஏன் என்னை முறைக்கிறாங்க? நான் அவங்ககிட்ட கடன்கூடச் சொன்னதில்லையே" என்று அவன் என்னிடம் கேட்டான்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. சனிக்கிழமைதோறும் வீட்டு எடை எந்திரத்தில் அவள் ஏறுவாள், நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படிப்பேன். எண்பத்தைந்து, எண்பத்து நான்கு என்று இறங்கி, எண்பத்தொன்றுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. அடுத்த சனிக்கிழமையும் எண்பத்தொன்று. அதற்கடுத்ததும் அதே எண்பத்தொன்று. சுற்றுகளை அதிகமாக்கினாள். ராத்திரிச் சாப்பாட்டைச் சுண்டலும் மோரும் ஆக்கினாள். முள் அசையவில்லை. அந்த வாரம் தம்பிக்கு மூச்சுத் திணறல் வந்து, நடு வாரத்தில் அவசரமாக டயாலிசிஸுக்குக் கொண்டுபோனார்கள். அன்று அவள் எடை எந்திரத்தைக் காலால் தள்ளிவிட்டுப் போனாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

எனக்குத் தூக்கம் இல்லை. கணக்கு உதைத்தால் எங்கேயோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் சுற்றுகளை எண்ணுவதை விட்டுவிட்டு அவளையே கவனித்தேன். அப்போதுதான் பிடிபட்டது. தொன்னைகள்!

அவள் வேண்டுதலுக்காகச் சுற்றுகிறாள் என்று எல்லோருக்கும் அவள் மேல் இரக்கம். அந்த இரக்கத்தைச் சும்மா காட்ட முடியுமா? மாமி ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் வாங்கி வந்து கொடுப்பார், நெய் விரலிடுக்கில் வழியும். அர்ச்சனை செய்தவர்கள் தேங்காய் மூடியும் பழமும் தருவார்கள். யார் வீட்டிலோ பிறந்தநாள் என்று கற்கண்டு சாதம் வரும். "உன் பிரார்த்தனை பலிக்கட்டும்மா" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். இவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே சாப்பிட்டாள். அன்று மட்டும் நான்கு தொன்னை. சுற்றிக் கரைத்ததை எல்லாம் அங்கேயே வரவு வைத்துக்கொண்டுதான் வீடு திரும்பியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவளுக்கும் தெரிந்தே இருந்தது. "எப்படி மாமா வேண்டாம்னு சொல்றது? பிரார்த்தனை பலிக்கட்டும்னு கையில வைக்கிறாங்க. தம்பிக்குன்னு நினைச்சுத்தான் ஒவ்வொண்ணையும் சாப்பிடறேன். திருப்பிக் கொடுத்தா அவனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு." சொல்லும்போதே அழுதுவிட்டாள். கவலைப்படுவதில் எனக்கு ஒரு வாரிசு இருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் பிரகாரத்தில் மாமி வழக்கம்போலத் தொன்னையோடு வந்தார். முகத்தில் உண்மையான வருத்தம். "ஒரு மண்டலம் முடிஞ்சுபோச்சேம்மா. இன்னுமா பலிக்கலை?"

மருமகள் தொன்னையை வாங்கிக்கொண்டாள். சாப்பிடவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, நாலு பேருக்குக் கேட்கும் குரலில் சொன்னாள்.

"மாமி, நான் எண்பத்தொரு கிலோ இருக்கேன். எழுபத்தாறுக்குக் கீழே வந்தாத்தான் என் தம்பிக்கு ஒரு கிட்னி கொடுக்க விடுவாங்க. நான் வேண்டிக்கிட்டுச் சுத்தலை மாமி. உடம்பு இளைக்கறதுக்குச் சுத்தறேன். சாமிக்குக் கோவம்னா கோவிச்சுக்கட்டும்."

பக்கத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதை மறைப்பதற்காகக் கடற்கரையை விட்டு இங்கே வந்தாளோ, அதைக் கிலோ கணக்கோடு நடுப் பிரகாரத்தில் சொல்லிவிட்டாளே!

மாமி அவள் கையில் இருந்த தொன்னையை வெடுக்கென்று பிடுங்கினார்.

"அசடே, முதல்லயே சொல்லப்படாதோ! நெய்யா விட்டுக் கொடுத்துண்டிருந்தேனே நான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கையை வீசிக் காட்டினார். "நிறைமாச கர்ப்பிணி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். நீ ஓடு!"

அன்றிலிருந்து கோயிலின் போக்கே மாறிப்போனது. அவள் வருகிறாள் என்றால் மாமி முன்கூட்டியே, "வழி விடுங்கோ, வழி விடுங்கோ" என்று குரல் கொடுப்பார். விஷயம் தெரியாமல் யாராவது வாழைப்பழத்தை நீட்டினால் வாசல் வரைக்கும் சத்தம் கேட்கும். பூக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து, "அத்துக்கு ஒண்ணியும் துன்றதுக்குக் குடுக்காதீங்க, சொல்ட்டேன்" என்று உள்ளே போகிறவர்களை எச்சரிப்பார். என் மகனிடம், "மன்ச்சிக்கோ நைனா, உன்னியப் போயி தப்பா நெனச்சிக்கினேன்" என்று ஒரு முழம் மல்லிகையை இலவசமாகக் கொடுத்தார். எதற்கு மன்னிப்பு என்று அவனுக்குப் புரியவே இல்லை. பிரசாதம் எல்லாம் என் பக்கம் திரும்பியது. அந்த நாட்களில் மூன்று கிலோ ஏறியது நான்தான்.

முள் அசைந்தது. எண்பது, எழுபத்தொன்பது. சித்திரை வெயிலில் கல் சுடுவதற்குள் முடிக்கவேண்டும் என்று நடை திறந்ததும் போய் நிற்போம். முதல் மாதம் ஐந்து சுற்றுக்கு உட்கார்ந்துவிடுகிறவள், இப்போது இருபத்தொரு சுற்று முடித்துவிட்டு, "மாமா, புளியங்கொட்டை தீர்ந்துபோச்சா?" என்று கேலி செய்வாள்.

நான்கு மாதம் முடிந்து மருத்துவமனைக்குப் போனோம். வீட்டு எந்திரம் ஒன்று காட்டும், அவர்கள் எந்திரம் ஒன்று காட்டினால்? வளையலைக் கழற்று, கைக்கடிகாரத்தைக் கழற்று, கொண்டை ஊசியை எடு என்று நச்சரித்தேன். "மூச்சையும் வெளியில விட்டுட்டு ஏறட்டுமா மாமா?" என்றாள். ஏறினாள். எழுபத்தைந்து கிலோ நானூறு கிராம். எடை பார்த்த நர்ஸ் சும்மா எழுதிக்கொண்டார். நான் இன்னொரு முறை ஏறச் சொன்னேன். அதே எழுபத்தைந்து நானூறு. நான் உத்தியோகத்தில் இருந்தபோது எத்தனையோ கணக்குகள் ஒரு பைசா பிசகாமல் நேராகியிருக்கின்றன. எதற்கும் எனக்கு நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை. சர்க்கரையும் இறங்கியிருந்தது.

ஆபரேஷன் நடந்த அன்று தம்பியின் மனைவி வெளியே ஓடிவந்து, "சிறுநீர் வர ஆரம்பிச்சுடுச்சு!" என்றாள். "எத்தனை மில்லி?" என்று கேட்டேன். எல்லோரும் அழுகையிலும் சிரித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் எண்ணும் புத்தியை யாரும் குறை சொல்லவில்லை. நர்ஸிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார்கள்.

மூன்று மாதம் கழித்து, மருத்துவர் அனுமதித்த பிறகு, அக்காவும் தம்பியும் ஒன்றாகப் பிரகாரத்துக்கு வந்தார்கள். வயிற்றுத் தையலுக்குப் பயந்து இருவரும் அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். மாமி தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு, "இப்பத்தான்டி பிரதட்சிணம் பண்றாப்ல போற!" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுற்று முடிந்ததும் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையில் இருந்து பெரிய பாட்டிலை எடுத்து, அண்ணாந்து மடமடவென்று தண்ணீர் குடித்தார். எத்தனை மடக்கு என்று எண்ண ஆரம்பித்தேன். பாட்டில் காலியாகும் வரை அவர் நிறுத்தவில்லை. பாதியிலேயே எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது.

இப்போது என் மூன்று கிலோவைக் கரைக்க நானும் சுற்றுகிறேன், மருமகள் உட்கார்ந்து எண்ணுகிறாள். பிரகாரத்தில் யாராவது பஸ் பிடிக்கிற வேகத்தில் என் பின்னால் வந்தால், என்ன வேண்டுதல் என்று நான் கேட்பதில்லை. அவர்கள் பிடிக்கவேண்டிய பஸ் எதுவோ என்று நினைத்து, சுவரோடு ஒட்டி நின்று வழி விடுகிறேன்.