அமைதி காக்கவும்… தூதுக்குழு வருகிறது!

போன வியாழக்கிழமை காலை. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஓர் இடத்தில் உட்கார்ந்து காபி குடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். 'உனக்குக் கால்ல சக்கரம்' என்பார் என் கணவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார்.

போன் வந்தது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் செயலாளர் ஏகாம்பரம்.

"டீச்சர், அவசரம்மா. ஃபாரின்லேர்ந்து தூதுக்குழு வந்துக்கினு இருக்குது. இங்கிலீஷ் பேசறதுக்கு ஏற்பாடு பண்ண ஆளுக்கு ஜுரம். நீங்க வந்து காப்பாத்தணும்."

"எந்த நாடு?"

"அமைதி நாடும்மா!"

அப்படி ஒரு நாடு இருந்தால் நான் எப்போதோ டிக்கெட் எடுத்திருப்பேன். விசாரித்ததில் தெரிந்தது: ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் பெயர் வேண்டாம். அங்கே உள்நாட்டுச் சண்டை. நடுவில் நிற்கப் பல நாட்டுச் சிப்பாய்கள் போயிருக்கிறார்கள் — சர்வதேச அமைதி காக்கும் படை. அதில் நம்மவர்களும் உண்டு. 'உங்கள் வீரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளாதீர்கள்' என்று கேட்கத்தான் இந்தக் குழு டெல்லி வந்திருக்கிறது. பேச்சுக்கு நடுவே ஒருநாள் ஓய்வு. விருந்தாளி என்றால் கோயிலையும் பட்டுச் சேலையையும் காட்டாமல் விடுவோமா நாம்?

ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினேன். தெருவில்… சத்தமே இல்லை.

அந்தத் தெருவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வீடு தறி. எதிரே நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். அன்றைக்கு ஒரு தறி ஓடவில்லை, ஒரு டிவி பாடவில்லை. குக்கரைக்கூட இறக்கி வைத்துவிட்டார்கள். ஒரு அம்மா, அழ ஆரம்பித்த குழந்தையின் வாயைப் பொத்தி உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்.

நிமிர்ந்து பார்த்தேன். தெருமுனையில் பெரிய ஃபிளெக்ஸ்.

'அமைதி காக்கவும். குழுவினரே வருக! வருக!'

புரிந்துவிட்டது. 'அமைதி காக்கும் குழுவினரே' என்று யாரோ போனில் வாசகம் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போர்டு அடித்துப் பழகிய கடைக்காரர், பழக்க தோஷத்தில் ஓர் எழுத்தையும் ஒரு முற்றுப்புள்ளியையும் கூட்டிவிட்டார்.

"படிச்சுப் பாக்கலியா ஏகாம்பரம்?"

"பாத்தேம்மா. அவங்களுக்குச் சத்தம் ஆவாது போலன்னு நெனச்சி, ஊடு ஊடா போயி நானே தறிய நிறுத்தச் சொன்னேன்" என்றார், ரகசியக் குரலில்.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? நம் ஊரில் அமைதி காப்பது என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். சட்டசபையில், ஆஸ்பத்திரியில், மாமியார் வீட்டில்…

வண்டிகள் வந்துவிட்டன. கோட்டு போட்ட சிலர் இறங்கினார்கள். கூடவே டெல்லியிலிருந்து வந்த ஒரு இளம் அதிகாரி. கடைசியாகக் குழுவின் தலைவி. உயரமான பெண்மணி, அறுபது வயதிருக்கும். இறங்கியவர் வண்டிக் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"யாராவது இறந்துவிட்டார்களா?"

"இல்லை மேடம். இது… மரியாதை."

அவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கள் நாட்டில், நாங்கள் போய் இறங்கும்போது ஒரு ஊர் இப்படி அடங்கிக் கிடந்தால் வண்டியைத் திருப்பிவிடுவோம்."

எனக்குச் சுருக்கென்றது. ஏகாம்பரத்திடம் சொன்னேன். மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெரு நெடுக ஓடினார். "தறிய ஓட்டுங்கப்பா! டிவியப் போடுங்கம்மா!" அடுத்த நிமிஷம் தெரு பழையபடி இரைய ஆரம்பித்தது. தலைவி அப்புறம்தான் வண்டிக் கதவிலிருந்து கையை எடுத்தார்.

நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். நின்றுகொண்டே குடித்தார். வீடு வீடாக நடந்தார். சேலையைத் தொட்டுப் பார்ப்பார், உடனே கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பார், உள்ளே வைப்பார், மறுபடி எடுப்பார். நம்ம இனம் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு லேசாக நினைத்திருக்கக் கூடாது.

அடுத்து செல்வியின் வீடு. செல்வி என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். இப்போது தானே தறியில் உட்கார்ந்து நெய்கிறாள். கணவர் முருகன் ராணுவத்தில் இருக்கிறார் என்பது தெரியும். எங்கே இருக்கிறார் என்பது தெரியாது. வந்திருப்பவர்களின் நாட்டை ஏகாம்பரம் சொன்னதும், ஊடு நூலோடு தறியில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடா அவள் கையிலேயே நின்றது.

"டீச்சர், இவங்க அங்கேர்ந்தா வந்துக்கினு இருக்கறாங்க? எங்க ஊட்டுக்காரரு அங்கதான் இருக்கறாரு." ஓர் ஊரின் பெயரைச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்ணிடுவாரு. போன வாரம் பண்ணல. நியூஸ்லயும் ஒண்ணும் வரல. அங்க இன்னா நடக்குதுன்னு கேளுங்க டீச்சர்."

"மேடம், இதெல்லாம் ப்ரோக்ராமில் இல்லை" என்று டெல்லி அதிகாரி என் காதருகே வந்தார். கடைசி பெஞ்சைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தேன். நகர்ந்துவிட்டார்.

கேட்டேன். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் தலைவியின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு மேடைக் குரலில் பதில் வந்தது: "நிலைமை கட்டுக்குள் இருக்கிறது. அமைதிப் படையினரின் சேவைக்கு எங்கள் நாடு என்றும் நன்றியுடன் இருக்கும்."

வார்த்தை மாறாமல் தமிழில் சொன்னேன். செல்வி உதட்டைப் பிதுக்கினாள்.

"சமாதானம் சொல்றாங்க டீச்சர்."

"என்ன சொல்கிறாள்?" என்றார் தலைவி.

இதை எப்படிச் சொல்வது? உலக சமாதானமும் சமாதானம்தான். ஆபீசுக்கு லேட்டாகப் போய்ச் சொல்வதும் சமாதானம்தான். எனக்குச் சுற்றி வளைக்கப் பொறுமை கிடையாது.

"எங்கள் மொழியில் அமைதிக்கு ஒரு சொல் உண்டு. உண்மையைச் சொல்லாமல் ஆளைத் தேற்றி அனுப்புவதற்கும் அதே சொல்தான். நீங்கள் இரண்டாவதைச் செய்கிறீர்கள் என்கிறாள்."

டெல்லி அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து, செல்வியின் தறிக்கு முன்னால் போட்டு, உட்கார்ந்தார். அன்று அவர் உட்கார்ந்தது அப்போதுதான்.

"அந்த ஊரில் போன வாரம் துப்பாக்கிச் சண்டை நடந்தது. முதல் வேலையாக போன் டவரைத்தான் சாய்த்தார்கள். யாருக்கும் போன் வராது. நான் விமானம் ஏறும்வரை உங்கள் வீரர்களின் முகாமுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் எனக்குத் தெரியாது."

சொல்லிக்கொண்டு வந்தேன். 

"என் மகன் அந்த ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். அவனிடமிருந்தும் போன் இல்லை. இவள் கணவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்கத்தான் நான் வந்திருக்கிறேன்."

கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடலாமா என்று நினைத்தேன். விழுங்கினால் யாருக்குத் தெரியும்? ஆனால், அதுவும் சமாதானம்தானே? சொல்லிவிட்டேன்.

செல்விக்கு முகம் சிவந்துவிட்டது. "அவங்க புள்ளைய காப்பாத்த எங்க ஊட்டுக்காரரா? அது எப்படி நாயம் டீச்சர்?"

அதையும் சொன்னேன்.

"நியாயம் இல்லைதான்" என்றார் அந்த அம்மாள்.

செல்வி அறுந்திருந்த ஓர் இழையை எடுத்து முடிச்சுப் போட்டாள். மூன்றாவது தடவைதான் முடிச்சு விழுந்தது.

"அந்தப் புள்ள பேரு இன்னான்னு கேளுங்க."

"ஜோசப்."

"நம்மூரு பேராட்டம் இருக்குது…" கொஞ்சம் யோசித்தாள். "அவரு போன் பண்ணா சொல்றேன்னு சொல்லுங்க. ஜோசப்புன்னு ஒரு வாத்தியார் இருக்கறாரு, போயி பாத்துட்டு வாங்கன்னு சொல்றேன். ஆனா ஒண்ணு. அங்க சண்ட அடங்குச்சுன்னா மொதல்ல எங்க ஊட்டுக்காரர அனுப்பிடணும். அத அங்க டெல்லில சொல்லணும்."

"அனுப்புகிற அதிகாரம் எனக்கில்லை. ஆனால் சொல்கிறேன். என் வாயாலேயே சொல்கிறேன்."

"இது சமாதானம் இல்லியே?"

மொழிபெயர்த்தேன். "இல்லை" என்றார் தலைவி. செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். சேலை வாங்காமலே போனார். ஏகாம்பரத்துக்கு அதில் இன்னும் வருத்தம்.

டெல்லியில் பேச்சுவார்த்தை சுமுகமாக நடந்ததாக பேப்பரில் நாலு வரி வந்தது. சுமுகம் என்றால் என்ன? யார் இருப்பார்கள், யார் திரும்புவார்கள்? அந்த நாலு வரியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஒன்றும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செல்விக்குக் காலையும் மாலையும் போன் செய்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"கோச்சிக்காதீங்க டீச்சர். நீங்க போன் பண்ணாதீங்க. மணி அடிச்சாலே அவருன்னு ஓடியாறேன்."

அன்றிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து நேரிலேயே போய்விடுகிறேன். இன்று காலையும் போனேன். போன் தறிக் கட்டையின் மேலேயே இருந்தது. என்ன கேட்பது என்று தெரியாமல் நான் நிற்க, அவளே முந்திக்கொண்டாள்.

"டீச்சர், அந்த ஜோசப்பு எப்படி இருக்கறாராம்? ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

'பேச்சுவார்த்தையில் முன்னேற்றம்' என்று பேப்பரில் போடுகிறார்களே… அது இதுதானோ?